ஆயிரம் ஆண்களுக்கு 1020 பெண்களா?

2021ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள், ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின் அகில இந்திய முடிவுகள் வெளியாயின. 2019 முதல் 2021 வரை, 6 இலட்சத்து 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் நேரில் சென்று கேட்டுத் திரட்டிய விவரங்கள் அவை. தடுப்பூசி, சத்துணவு, மகப்பேறு, குடிநீர், கழிப்பறை என நூற்றுக்கும் மேற்பட்ட செய்திகள் அவற்றில் அடங்கியிருந்தன. ஆனால் செய்தித்தாள்களில் கொட்டை எழுத்தில் இடம்பெற்றது ஒரே ஓர் எண்தான். ஆயிரம் ஆண்களுக்கு 1020 பெண்கள்!

பெண்கள் குறைந்த நாடு என்று நெடுங்காலமாகப் பெயர் வாங்கியது இந்தியா. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட ஆயிரம் ஆண்களுக்கு 943 பெண்களே இருந்தனர். ஆகவே 1020 என்ற எண்ணைக் கண்டதும் பலர் மகிழ்ந்தனர். பெண் குழந்தையை வேண்டாமென ஒதுக்கும் காலம் மலையேறிவிட்டது என்று சிலர் எழுதவும் செய்தனர். இன்றும் மாணவர்களின் பேச்சுப் போட்டிகளில் இந்த எண்ணைக் கேட்கலாம்.

இந்த மகிழ்ச்சிக்கு இடமுண்டா? அதை ஆராய நாம் வேறு நூலகம் எதற்கும் போக வேண்டியதில்லை. அதே ஆய்வின் சுருக்க அட்டவணையை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் மூன்றாம் வரியில் மொத்த மக்கள்தொகையின் பாலின விகிதம் 1020 என்று இருக்கிறது. நான்காம் வரியில், கடந்த ஐந்தாண்டுகளில் பிறந்த குழந்தைகளின் பாலின விகிதம் தரப்பட்டிருக்கிறது. அது 929. இரண்டு வரிகளுக்கும் இடையே ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஆயினும் மேல் வரியைப் படித்தவர்கள் கீழ் வரிக்கு இறங்கி வரவில்லை.

இவ்விரு வரிகளும் ஒன்றுக்கொன்று முரணானவையா? இல்லை. இரண்டும் வெவ்வேறு பொருள்களை அளக்கின்றன. எது எதை அளக்கிறது என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

இயற்கையின் கணக்கு

இலண்டன் நகரில் வாழ்ந்த ஜான் ஆர்பத்நாட் என்னும் மருத்துவர், அந்நகரத் தேவாலயங்களின் திருமுழுக்குப் பதிவுகளை 1629 முதல் 1710 வரை 82 ஆண்டுகளுக்குத் தொகுத்துப் பார்த்தார். ஒவ்வோர் ஆண்டிலும் ஆண் குழந்தைகளே சற்று மிகுந்திருந்தனர். ஓர் ஆண்டுகூட விதிவிலக்கில்லை. காசைச் சுண்டினால் 82 முறையும் தலையே விழுமா? விழாது. எனவே இது தற்செயல் இல்லை என்றார் அவர். இதைத் தெய்வச் செயல் என்று அவர் முடித்தது வேறு செய்தி. ஆனால் அவர் கண்ட உண்மை நிலைத்துவிட்டது.

மனிதர் கைவைக்காத இடங்களில், 100 பெண் குழந்தைகள் பிறக்கும்போது ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. நம் நாட்டு வழக்கப்படி திருப்பிச் சொன்னால், ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குச் சுமார் 952 பெண் குழந்தைகள். இது இடத்துக்கு இடம் சிறிது மாறலாம். 100 பெண்களுக்கு 103 ஆண்கள் என்றால் 971. 107 ஆண்கள் என்றால் 935. இந்த எல்லைக்குள் இருந்தால் இயற்கையின் போக்கு என்று கொள்ளலாம். நான்காம் வரியின் 929 இந்த எல்லைக்கும் கீழே நிற்கிறது.

952க்கும் 929க்கும் வேறுபாடு 23தானே என்று தோன்றும். நம் நாட்டில் ஆண்டுதோறும் பிறக்கும் ஆண் குழந்தைகள் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் என்று கொண்டு பெருக்கிப் பாருங்கள். ஆயிரத்துக்கு 23 வீதம், பிறந்திருக்க வேண்டிய இரண்டே முக்கால் இலட்சம் பெண் குழந்தைகள் ஒவ்வோர் ஆண்டும் பிறக்கவில்லை என்று விடை வரும். ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் வேறு தரவுகளைக் கொண்டு 2020இல் வெளியிட்ட மதிப்பீடு இதைவிடப் பெரியது. 2013 முதல் 2017 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 4 இலட்சத்து 60 ஆயிரம் என்றது அது.

அப்படியானால் மேல் வரியில் பெண்கள் மிகுந்தது எப்படி? பிறப்பில் குறைந்தவர்கள் இடையில் எங்கிருந்து வந்து சேர்ந்தார்கள்?

ஒரு சிற்றூரில் கணக்கெடுப்போம்

500 ஆண்களும் 460 பெண்களும் வாழும் ஒரு சிற்றூரைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அங்கே பாலின விகிதம் 920. ஒரு நாள் அவ்வூர் ஆண்களில் 80 பேர் மூட்டை கட்டிக்கொண்டு தொலைவிலுள்ள நகரங்களுக்கு வேலை தேடிப் புறப்படுகிறார்கள். மறுவாரம் நீங்கள் அவ்வூருக்குப் போய், நேற்றிரவு இந்த வீட்டில் தங்கியவர்கள் யார் யார் என்று வீடு வீடாகக் கேட்கிறீர்கள். ஆண்கள் 420, பெண்கள் 460. விகிதம் 1095! ஊரில் ஒரு பெண் குழந்தைகூடப் புதிதாகப் பிறக்கவில்லை. இரயில் ஏறிய ஆண்கள்தான் விகிதத்தை உயர்த்தினார்கள்.

பீகார் மாநிலத்தின் எண்களை இதனோடு ஒப்பிடுங்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே ஆயிரம் ஆண்களுக்கு 918 பெண்கள். குடும்பநல ஆய்விலோ 1090 பெண்கள். பத்து ஆண்டுகளுக்குள் ஒரு மாநிலத்தில் பெண்கள் இவ்வளவு பெருகுவதற்கு உயிரியலில் வழியே இல்லை. அதே ஆய்வில் பீகாரின் பிறப்பு விகிதம் 908தான். பீகார் இளைஞர்கள் தில்லியிலும் பஞ்சாபிலும், நம் திருப்பூரிலும் சென்னையிலும் வேலை செய்வதை நாம் கண்ணாரக் காண்கிறோம். ஊரில் அவர்கள் இல்லாததுதான் அந்த 1090.

இங்கே ஒரு கேள்வி எழலாம். ஊரை விட்டுப் போனவர்கள் நகரத்தில் இருப்பார்களே? ஓரிடத்தில் கழிந்தவர்கள் மற்றோரிடத்தில் கூட, நாடு முழுவதற்கும் கணக்கு நேராகிவிடாதா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பாக இருந்தால் ஏறக்குறைய நேராகிவிடும். அது நடைபாதையில் உறங்குபவரையும், சிறையில் இருப்பவரையும், விடுதியில் தங்கியவரையும் எண்ணுகிறது. வீடற்றவர்களை எண்ணுவதற்கென்றே 2011இல் பிப்ரவரி 28ஆம் நாள் இரவு ஒதுக்கப்பட்டது. ஆனால் குடும்பநல ஆய்வு குடும்பங்களை மட்டுமே தேர்ந்தெடுத்துச் செல்கிறது. கட்டடம் எழும்பும் இடத்திலேயே தகரக் கொட்டகையில் தூங்குபவர், ஆலை விடுதியில் பத்துப் பேரோடு பாய் விரிப்பவர், படைவீட்டில் இருக்கும் சிப்பாய், மாணவர் விடுதியில் இருப்பவர் ஆகியோர் அதன் வலையில் பெரும்பாலும் சிக்குவதில்லை. இவர்களில் ஆண்களே அதிகம். ஊரிலும் அவர்கள் இல்லை. நகரத்திலும் அவர்கள் எண்ணப்படவில்லை.

இது இந்த ஒரு முறை மட்டும் நேர்ந்ததன்று. 2005–06இல் நடந்த மூன்றாவது ஆய்விலேயே விகிதம் 1000 என்று வந்தது. அதற்கு முன்னும் பின்னும் நடந்த முழுக் கணக்கெடுப்புகளோ 933, 943 என்றே கூறின. 2015–16இல் நான்காவது ஆய்வில் 991. இந்த ஆய்வின் தராசு எப்போதுமே பெண்கள் பக்கம் சற்றுச் சாய்ந்து நிற்பது இதனால் விளங்குகிறது. ஆய்வாளர்கள் தவறு செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. தாய் சேய் நலத்தை அறிவதற்காக அமைத்த ஆய்வு அது. அதற்குக் குடும்பங்களிடம் போவதே சரி. நாட்டின் ஆண்களையும் பெண்களையும் எண்ணி முடிக்க அது அமைக்கப்படவில்லை. அத்தகைய எண்ணை எச்சரிக்கை எதுவும் இல்லாமல் அட்டவணையின் தொடக்கத்திலேயே வைத்ததுதான் குறை. எச்சரிக்கை தேடாமல் படித்தது அதைவிடப் பெரிய குறை.

பாட்டிகளும் பேத்திகளும்

மொத்த விகிதத்தை உயர்த்தும் காரணம் இன்னொன்றும் உண்டு. அது உண்மையிலேயே மகிழத்தக்கது.

1970–75 ஆண்டுகளில் இந்திய ஆணின் சராசரி ஆயுள் 50.5 ஆண்டுகள்; பெண்ணின் ஆயுள் 49.0 ஆண்டுகள். உலகின் பெரும்பாலான நாடுகளில் பெண்களே நீண்ட நாள் வாழும்போது, இங்கே நிலைமை தலைகீழாக இருந்தது. மகப்பேற்றில் இறப்பு, ஊட்டக் குறைவு, நோய் வந்தால் மகனுக்கு மருத்துவமனை, மகளுக்குக் கைமருந்து என்ற பாகுபாடு ஆகியவை அதற்குக் காரணங்கள். 2016–20 ஆண்டுகளில் ஆணின் ஆயுள் 68.6, பெண்ணின் ஆயுள் 71.4. ஐம்பதாண்டுகளுக்குள் தராசு சரியான பக்கம் திரும்பிவிட்டது.

ஆகவே இன்று நம்மிடையே மூதாட்டிகள் பெருகியிருக்கிறார்கள். மொத்த விகிதத்தில் அவர்கள் ஒவ்வொருவரும் ஓர் எண்ணாகக் கூடுகிறார்கள். பிறக்காமற்போன பேத்தியின் இடத்தை, நெடுநாள் வாழும் பாட்டி கணக்கில் நிரப்பிவிடுகிறாள். கூட்டுத்தொகையைப் பார்ப்பவருக்கு இழப்பு தெரிவதில்லை.

இது வெறும் ஊகம் இல்லை. 2001 முதல் 2011 வரை நாட்டின் மொத்தப் பாலின விகிதம் 933இலிருந்து 943க்கு உயர்ந்தது. அதே பத்தாண்டுகளில், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விகிதம் 927இலிருந்து 919க்குத் தாழ்ந்தது. 1961இல் இக்குழந்தைகளின் விகிதம் 976 ஆக இருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே ஏறும் எண்ணைப் பாராட்டிக் கொண்டிருந்த நேரத்தில், கீழே மற்றோர் எண் இறங்கிக் கொண்டிருந்தது.

கேரளத்தைப் புகழ்வோர் அங்கே 2011இல் இருந்த 1084 என்ற மொத்த விகிதத்தையே எடுத்துக் கூறுவர். அதில் மூதாட்டிகளின் நீண்ட ஆயுளும் உண்டு. வளைகுடா நாடுகளுக்குப் போன ஆண்களின் வெற்றிடமும் உண்டு. கேரளம் பெருமைப்பட வேண்டிய எண் அதன் குழந்தைகளின் விகிதமான 964தான்.

தேய்ந்துபோன அளவுகோல்

மொத்த விகிதம் எப்போதுமே பயனற்றதாக இருந்ததா என்றால், இல்லை. 1901இல் 972 ஆக இருந்த இந்த எண், 1971இல் 930 ஆகச் சரிந்தது. பெண்களின் நிலையை ஆராய 1971இல் இந்திய அரசு அமைத்த குழு, சமத்துவத்தை நோக்கி என்னும் தன் அறிக்கையை 1974இல் அளித்தபோது இந்தச் சரிவை எடுத்துக்காட்டி எச்சரித்தது. 1990 டிசம்பரில் பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் ஓர் அமெரிக்க இதழில் எழுதிய கட்டுரையும் மொத்த விகிதத்தையே அடிப்படையாகக் கொண்டது. ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் இருந்திருக்க வேண்டிய பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பெண்களைக் காணவில்லை என்று அவர் கணக்கிட்டார். மறு ஆண்டே மக்கள்தொகை அறிஞர் ஆன்ஸ்லி கோல், ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட அளவு பொருத்தமில்லை என்று கூறி, இழப்பை ஆறு கோடியாகத் திருத்தினார். இழப்பு உண்டு என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை.

அக்காலத்தில் பெண்களின் இழப்பு பெரும்பாலும் பிறந்த பின்னர் நேர்ந்தது. கவனிப்பின்றிச் சிறுமிகள் இறந்தனர். பேற்றுக் காலத்தில் தாய்மார்கள் இறந்தனர். சில இடங்களில் பச்சிளம் சிசுக்களே கொல்லப்பட்டனர். நம் மாநிலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தோன்றியதற்கு அந்தக் கொடுமையே காரணம். இவ்வாறு எல்லா வயதிலும் நேர்ந்த இறப்புகளை மொத்த விகிதம் நன்றாகவே காட்டியது.

பின்னர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவி பரவியது. தாயையும் சேயையும் காக்க வந்த கருவி, கருவின் பாலை அறிந்து பெண் கருவைக் கலைப்பதற்கும் பயன்பட்டது. இழப்பு பிறப்புக்கு முன்னால் நகர்ந்துவிட்டது. கருவின் பாலை அறிந்து சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994இல் நிறைவேறி, 1996இல் நடைமுறைக்கு வந்து, 2003இல் மேலும் இறுக்கப்பட்டது. நோய் இடம் மாறியபின் பழைய இடத்திலேயே நாடி பார்த்தால் நலமாக இருப்பதாகத்தான் தோன்றும். மொத்த விகிதத்தைக் கண்டு மகிழ்வது அத்தகையதே.

கிருமியின் வேலையா?

பெண் பிறப்புக் குறைவுக்கு மனிதரே காரணம் என்று எப்படி உறுதியாகக் கூற முடியும் என்று நீங்கள் கேட்கலாம். அறிவியல் மாணவர் கேட்க வேண்டிய கேள்விதான். உண்மையில் அப்படி ஒருவர் கேட்டார்.

பொருளியல் ஆய்வாளர் எமிலி ஆஸ்டர் 2005இல் வெளியிட்ட கட்டுரையில், ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் நோய்க் கிருமி உள்ள பெற்றோருக்கு ஆண் குழந்தைகள் மிகுதியாகப் பிறப்பதாகவும், சென் கூறிய இழப்பில் ஏறத்தாழப் பாதிக்கு இதுவே காரணம் என்றும் வாதிட்டார். வேறு ஆய்வாளர்கள் இதை மறுத்தனர். முதல் குழந்தைகளின் விகிதம் இயல்பாகவே இருக்கிறது, முன்னே பிறந்தவை பெண்களாக இருக்கும்போதுதான் அடுத்த குழந்தையில் ஆண்கள் மிகுகின்றனர் என்று அவர்கள் காட்டினர். மூத்த குழந்தை ஆணா பெண்ணா என்று கிருமிக்கு எப்படித் தெரியும்? தைவானில் முப்பது இலட்சம் பிறப்புகளை ஆராய்ந்ததிலும் கிருமியின் பங்கு மிகச் சிறியதென்றே தெரிந்தது. 2008இல் ஆஸ்டரே சீனாவில் புதிய தரவுகளைத் திரட்டி, தம் பழைய முடிவு சீனாவுக்குப் பொருந்தவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். தவறைத் தாமே திருத்திக் கொண்ட அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

இந்தியாவிலும் அதே சோதனை செய்யப்பட்டது. பிரபாத் ஜா குழுவினர் 2011இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், முதல் குழந்தை பெண்ணாக இருந்த வீடுகளில் இரண்டாம் குழந்தைகளின் விகிதம் 1990இல் 906 ஆகவும் 2005இல் 836 ஆகவும் இருந்தது. முதல் குழந்தை ஆணாக இருந்த வீடுகளில் அத்தகைய சரிவு இல்லை. இவ்வாய்வுக்குத் தரவு தந்தது எது தெரியுமா? முன்னர் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வுகள்தாம்! அதே ஆய்வு, கேட்கத் தெரிந்தவர் கேட்டபோது உண்மையைக் கூறிவிட்டது.

நான்காம் வரியையும் நம்பிவிடாதீர்கள்

மேல் வரியைக் குறை கூறிவிட்டுக் கீழ் வரியை வேதவாக்காக ஏற்பது முறையன்று. அதற்கும் வரம்பு உண்டு.

ஒரு காசைப் பத்து முறை சுண்டினால் ஏழு முறை தலை விழக்கூடும். பத்தாயிரம் முறை சுண்டினால் ஏழாயிரம் தலை விழாது. பிறப்பும் அப்படியே. பத்தாயிரம் பிறப்புகளைக் கொண்டு விகிதம் கணக்கிட்டால், தற்செயலால் மட்டுமே அது உண்மையான அளவிலிருந்து மேலும் கீழும் 35, 40 வரை விலகக்கூடும். பிறப்புகள் குறையக் குறைய இந்த ஊசலாட்டம் வளரும். கேரளத்தில் பிறப்பு விகிதம் நான்காவது ஆய்வில் 1047. ஐந்தாவது ஆய்வில் 951. முன்னது இயற்கையையே மிஞ்சிய எண். கேரளப் பெற்றோர் ஐந்தாண்டுகளில் மனம் மாறிவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கூறினால் நகைப்புக்கு இடமாகும். மாதிரி சிறிதாக இருந்தது என்பதே பொருள்.

தமிழ்நாட்டின் எண்களைப் பாருங்கள். ஐந்தாவது ஆய்வில் மூன்றாம் வரி 1088. நான்காம் வரி 878. முந்தைய ஆய்வில் நான்காம் வரி 954 ஆக இருந்தது. இந்தச் சரிவில் ஒரு பகுதி தற்செயலாக இருக்கலாம். ஆனால் தற்செயல் என்று தள்ளிவிட்டு உறங்கவும் முடியாது. பிறப்புப் பதிவேடுகளோடும் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் எண்களோடும் மாவட்டம் மாவட்டமாக ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி. 1088ஐக் கண்டு மகிழ்ந்தவர்களுக்கு அந்த ஒப்பீடு தேவைப்படவே இல்லை என்பதுதான் வருத்தம்.

நாடு முழுவதற்குமான 929 அவ்வாறு ஆட்டம் காண்பதில்லை. அது இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளைக் கொண்டது. அதன் ஊசலாட்டம் பத்துக்குள் அடங்கும். எனவே இயற்கையின் 952க்கு அது குறைவு என்பதில் ஐயமில்லை. ஆனால் முந்தைய ஆய்வின் 919இலிருந்து 929க்கு உயர்ந்தது பெரிய வெற்றி என்று இப்போதே முரசு கொட்டவும் கூடாது. மாதிரிப் பதிவுத் திட்டமும் 2016–18இல் 899 என்றும் 2018–20இல் 907 என்றும் சிறிய ஏற்றத்தையே காட்டுகிறது. திசை நல்லது, தொலைவு இன்னும் இருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது

புள்ளிவிவரம் பொய் சொல்லும் என்று பலர் கூறுவர். நாம் கேட்காத கேள்விக்கு அது விடை சொல்வதில்லை, அவ்வளவுதான். ஆண் பெண் வேறுபாட்டைக் காட்டும் எண் எதுவாயினும், படிப்பானாலும் கூலியானாலும் ஆயுளானாலும், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். யாரை எண்ணினார்கள், யாரை விட்டுவிட்டார்கள்? எந்த வயதினரை எண்ணினார்கள்? எத்தனை பேரை எண்ணினார்கள்? இம்மூன்றுக்கும் விடை தெரியாதவரை, அந்த எண்ணை மேடையில் முழங்காதீர்கள்.

இதில் வெறும் எண் தகராறு மட்டும் இல்லை. 1020 என்பதை நம்பினால், ஸ்கேன் நிலையங்களைக் கண்காணிக்கும் அலுவலர் கண்ணயரலாம். இனி இச்சட்டம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். இரண்டாவது பெண் குழந்தையைக் கருவுற்ற ஒரு தாய், வீட்டார் நெருக்குதலுக்கு நடுவே துணையின்றி நிற்கலாம். அவளைப் பற்றிய செய்தி மூன்றாம் வரியில் இல்லை.

உங்கள் மாவட்டத்துக்கென அந்த ஆய்வு வெளியிட்ட அட்டவணை உண்டு. ஆசிரியரிடமோ நூலகரிடமோ கேட்டு வாங்கி, அதன் மூன்றாம் வரியையும் நான்காம் வரியையும் அடுத்தடுத்து உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு, உங்கள் ஊரிலிருந்து வேலைக்காக வெளியூர் போனவர்கள் எத்தனை பேர் என்று தெருவில் நான்கு வீடுகளிலாவது கேளுங்கள். அடுத்த முறை யாரேனும் உங்களிடம் ஆயிரத்து இருபது என்று சொன்னால், கீழ் வரியில் எவ்வளவு என்று கேட்க நீங்கள் தயாராக இருப்பீர்கள்.